வெள்ளி ஃபில்லிங் 26 வருடம், வெள்ளை ஃபில்லிங் 3 வருடம்: காரணம் பொருளா, வேறு ஏதாவதா?

நடுநிசி_மேசை:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 43 வயது. 17 வயதில் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் ஒரு சின்ன வெள்ளி ஃபில்லிங் போட்டார்கள். கறுத்துவிட்டது, பார்க்க நன்றாக இல்லை, ஆனால் 26 வருடமாக அப்படியே இருக்கிறது. அதே வாயில், வலது மேல் கடைவாய்ப் பல்லுக்கு ஆறு வருடம் முன்பு வெள்ளை ஃபில்லிங் போட்டார்கள். பல் இடுக்கில் சொத்தை என்று சொல்லிப் போட்டது. மூன்று வருடத்தில் ஒரு மூலை உடைந்தது. மறுபடி போட்டார்கள். இப்போது இன்னொரு மூன்று வருடம் ஆகிறது. அடியில் மறுபடி சொத்தை, நரம்பைத் தொட்டுவிட்டது, வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டும் என்கிறார்கள்.

முதல் முறை போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. கன்னத்துக்குள் வைத்த பஞ்சு ஊறி ஊறி இரண்டு தடவை மாற்றினார்கள். ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. மொத்தமும் கால் மணி நேரத்தில் முடிந்தது. சீக்கிரம் விட்டார்களே என்று அன்று நிம்மதியாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்தக் கால் மணி நேரம்தான் உறுத்துகிறது.

வெள்ளைப் பொருளே இவ்வளவுதானா? கேப் போட்டால் எத்தனை வருடம் வரும்? என் அம்மாவின் கேப் 19 வருடமாக இருக்கிறது. அண்ணனுடையது இரண்டே வருடத்தில் கையோடு வந்துவிட்டது. எதை நம்புவது என்று தெரியவில்லை. ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப் போட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்று ஒருவர் சொல்கிறார். இதில் என் கையில் இருப்பது என்ன, டாக்டர் கையில் இருப்பது என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரக்காற்று:

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அது இருப்பதே தெரியாது. ஐந்து வருடத்தில் இரண்டு கேப்களில் பீங்கான் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. புதிதாகப் பார்த்த டாக்டர் கேப்பை விட்டுவிட்டு மற்ற பற்களைப் பார்த்தார். கோரைப்பற்களின் முனை தேய்ந்து தட்டையாகியிருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். பிறகு காலையில் எழுந்ததும் தாடை இறுக்கமாக இருக்குமா என்று கேட்டார். ஆமாம், எத்தனையோ வருடமாக. தலையணை சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவில் பல் மேல் மாட்டிக்கொள்ள ஒரு கார்டு (பல்லைக் காக்கும் உறை) செய்து கொடுத்தார். முதல் வாரம் எச்சில் ஊறித் தூக்கமே வரவில்லை, அப்புறம் பழகிவிட்டது. ஏழு வருடம் ஆகிறது, பற்கள் நன்றாக இருக்கின்றன. கார்டுதான் தேய்ந்து பள்ளம் பள்ளமாக இருக்கிறது. அந்தப் பள்ளமெல்லாம் என் பல்லில் விழுந்திருக்க வேண்டியவை.

உங்கள் ஃபில்லிங் மூலை உடைந்தது என்கிறீர்களே, இதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

மெழுகுக்கத்தி:

நான் பல் டாக்டர் இல்லை. 22 வருடமாகப் பல் லேபில் கேப் செய்கிறேன். டாக்டர் பல்லைச் செதுக்கி அளவெடுத்து அனுப்புவார், அதற்குப் பொருந்துகிற மாதிரி கேப் செய்து அனுப்புவது என் வேலை. நோயாளியின் முகத்தை நான் பார்ப்பதில்லை. ஆனால் அந்த ஒரு பல்லின் அச்சை லென்ஸுக்கு அடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கிருந்து எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது என்ன பொருள் என்றுதான். நான் முதலில் பார்ப்பது விளிம்பு. கேப் முடிந்து சொந்தப் பல் தொடங்குகிற அந்தக் கோடு. நாங்கள் மார்ஜின் என்போம். அளவு வந்ததும் ஸ்டோன் (கல்போல இறுகும் ஒரு ஜிப்சம் மாவு) கரைத்து ஊற்றி அச்சு எடுத்து, அந்தக் கோட்டின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு சுற்று வரைவேன். நல்ல அளவாக இருந்தால் பென்சில் தடங்கலே இல்லாமல் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் சேரும். மோசமான அளவில் கோடு எங்கேயாவது காணாமல் போய்விடும். ஈறில் ரத்தம் வந்திருக்கும், அளவுப் பசை அந்த இடத்தில் உள்ளே இறங்கியிருக்காது. அல்லது ஒரு காற்றுக்குமிழி. அங்கே நான் ஊகித்துத்தான் வரைய வேண்டும். அப்படி ஊகித்த இடத்தில் கேப் பல்லோடு ஒட்டி உட்காராது.

அந்த மாதிரி வந்தால் டாக்டரைக் கூப்பிட்டு மறுபடி அளவெடுக்க முடியுமா என்று கேட்பேன். சிலர் தயங்காமல் நோயாளியை வரவழைத்து எடுத்து அனுப்புவார்கள். சிலர் பரவாயில்லை, செய்து அனுப்புங்கள் என்பார்கள். அப்படிச் செய்து அனுப்பிய கேப்கள் இன்றைக்கும் என் மனதில் இருக்கின்றன. ஆகவே உங்களை டாக்டர் இரண்டாம் முறை அளவெடுக்கக் கூப்பிட்டால் எரிச்சல்படாதீர்கள். உங்கள் பல் நல்ல கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

விளிம்பில் இடைவெளி 120 மைக்ரானுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது எங்கள் துறையில் பழைய கணக்கு. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருப்பது ஒட்டுகிற சிமென்ட். இடைவெளி பெரிதானால் வாய்க்குள் தெரியும் சிமென்ட்டும் அதிகம், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், தேயும். சொத்தை உண்டாக்கும் கிருமி ஒரு மைக்ரான்தான் இருக்கும். அதற்கு அந்த இடைவெளி பெரிய வீதி. கேப்புக்கு ஒருநாளும் சொத்தை வராது, அதன் ஓரத்தில் இருக்கும் பல்லுக்குத்தான் வரும்.

அடுத்தது, கேப்புக்கு அடியில் சொந்தப் பல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது. உலக்கைக்குப் பூண் போடுகிறோம் இல்லையா? பூண் மரத்தைச் சுற்றிக் கவ்வியிருப்பதால்தான் மரம் பிளக்காமல் இருக்கிறது. கேப்பும் அப்படித்தான். ஈறுக்கு மேலே, சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரமாவது உறுதியான சொந்தப் பல் இருந்தால் கேப் அதைக் கவ்வும். அது இல்லாமல் உள்ளே ஊசிபோல ஒரு கம்பியை நட்டு, அதைச் சுற்றி ஃபில்லிங் பொருளால் ஒரு குட்டைத் தூண் கட்டி, அதன்மேல் கேப் வைத்தால் மெல்லும்போது வருகிற அழுத்தமெல்லாம் அந்தக் கம்பிக்கும் வேருக்கும்தான் போகும். உடைந்து திரும்பி வரும் கேப்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அந்த வகை. கேப் புதிதுபோல இருக்கும், உள்ளே முறிந்த பல் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் அண்ணன் கழன்ற கேப்பை வைத்திருந்தால் உள்ளே எட்டிப்பாருங்கள். வெறும் சிமென்ட் மட்டும் இருந்தால் பிடிமானம் போதவில்லை. பல் துண்டு இருந்தால் முறிந்திருக்கிறது. கறுப்பாக, மெத்தென்று ஏதாவது இருந்தால் ஓரத்தில் சொத்தை புகுந்திருக்கிறது.

ஜிர்கோனியா பற்றிக் கேட்டீர்கள். நல்ல பொருள், நான் இப்போது செய்வதில் பெரும்பகுதி அதுதான். சுடுவதற்கு முன்னால் அது சாக்பீஸ் மாதிரி மென்மையாக இருக்கும். மெஷின் அதை வேண்டிய அளவைவிட 20 முதல் 25 சதவிகிதம் பெரிதாகக் கடைந்து கொடுக்கும். அப்புறம் உலையில் ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸில் சுட்டால் சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து, கல்லாகிவிடும். முழுக்க ஜிர்கோனியாவால் செய்த கேப் உடைவது அபூர்வம். உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய பழைய வகையில் அந்தப் பீங்கான்தான் பெயரும், மேலே ஈரக்காற்று சொன்ன மாதிரி. ஆனால் உடையாத கேப்புக்கு அடியில் உங்கள் பல் இருக்கிறது. அதற்கு ஆயுள் உத்தரவாதம் எந்த லேபாலும் கொடுக்க முடியாது.

ஃபில்லிங் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிய ஆரம்பித்தால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள்.

பழைய_கிளினிக்:

முப்பது வருடம் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். மெழுகுக்கத்தி எழுதியதில் கடைசி வரி தவிர எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தில் பழுப்புக் கோடு என்பது பெரும்பாலும் வெறும் கறை. கறைக்காக ஒரு ஃபில்லிங்கை எடுத்தால் அதோடு நல்ல பல்லும் கொஞ்சம் போகும். அடுத்த ஃபில்லிங் இன்னும் பெரிது, அதற்கடுத்து கேப், அப்புறம் வேர் சிகிச்சை. இந்தப் படிக்கட்டில் நோயாளியை அவசரமாக இறக்கிவிடுகிறோம். குழி மெத்தென்று இருக்கிறதா, எக்ஸ்ரேயில் அடியில் கருநிழல் தெரிகிறதா, ஃப்ளாஸ் (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) அங்கே மட்டும் கிழிகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் அந்த மூலையை மட்டும் பழுதுபார்க்கலாம். என் முதல் பத்து வருடத்தில் நான் இதைச் செய்யவில்லை. தேவையில்லாமல் மாற்றிய ஃபில்லிங்குகள் எத்தனையோ இருக்கும். அது எனக்கு இன்னும் மனவருத்தம்தான்.

இப்போது உங்கள் இரண்டு ஃபில்லிங்குகளுக்கு வருகிறேன். அவற்றை ஒப்பிடவே கூடாது. 17 வயதில் போட்டது மேற்பரப்பில் ஒரு சின்னக் குழி, நான்கு பக்கமும் பல் சுவர். மற்றது இரண்டு பற்களுக்கு நடுவே, ஒரு சுவரே இல்லாமல், ஈறு வரை இறங்கிய குழி. ஒரு ஃபில்லிங் பல்லின் எத்தனை பக்கங்களைத் தொடுகிறதோ அந்த அளவுக்கு அதன் ஆயுள் குறையும். வெள்ளி ஃபில்லிங்கை அந்த இரண்டாவது இடத்தில் போட்டிருந்தாலும் 26 வருடம் வந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இருந்தாலும் பொருளுக்கும் ஒரு பங்கு உண்டு. வெள்ளி ஃபில்லிங், அதாவது அமால்கம், பல்லோடு ஒட்டுவதே இல்லை. குழியின் வடிவத்தில் பூட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் தாங்கும். வருடங்கள் போகப் போக அது அரித்து வெளிவரும் உப்புகளே ஓர இடைவெளியை அடைத்துவிடும். அதில் ஏறத்தாழ பாதி பாதரசம் என்பதால் உலகம் முழுக்கக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் தனிப்பட்ட மருத்துவத் தேவை இருந்தால் ஒழிய போடக்கூடாது. உங்கள் வாயில் நன்றாக இருப்பதை அதற்காக எடுக்க வேண்டியதில்லை.

வெள்ளை ஃபில்லிங்குக்கு வாழ்வே ஒட்டுதலில்தான் இருக்கிறது. 1955-இல் மைக்கேல் புவோனகோர் என்ற ஆய்வாளர், பல்லின் மேலோடான எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் பிளாஸ்டிக் பிசின் அதில் உறுதியாக ஒட்டுகிறது என்று காட்டினார். உலோகத்தில் பெயின்ட் ஒட்டுவதற்கு அந்த அமிலத்தைத் தொழிற்சாலைகளில் பயன்படுத்துவதிலிருந்து அவருக்கு வந்த யோசனை அது. இன்றும் அதே அமிலத்தைத்தான் தடவுகிறோம். தடவிக் கழுவிக் காயவைத்த பிறகு எச்சிலோ ரத்தமோ பட்டால் அந்த ஒட்டுதல் கெட்டுவிடும். இரண்டு தடவை பஞ்சு ஊறியது என்கிறீர்கள், ஈறில் ரத்தம் என்கிறீர்கள். நான் அங்கே இல்லை, அந்த டாக்டரைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த நிலையில் நானாக இருந்தால் தற்காலிகமாக அடைத்து, ஈறு ஆறியபின் வரச் சொல்லியிருப்பேன். அல்லது ரப்பர் டேம் போட்டிருப்பேன். பல்லை மட்டும் வெளியே நீட்டிவிட்டு மற்றதை மூடுகிற ரப்பர் தாள். 1864-இல் வந்த உத்தி, இன்றும் அதற்கு ஈடாக எதுவும் இல்லை.

நேரமும் முக்கியம். வெள்ளை ஃபில்லிங் பசை நீல ஒளியில் இறுகும்போது கன அளவில் 2, 3 சதவிகிதம் சுருங்குகிறது. ஒரேயடியாகத் திணித்தால் சுருங்கும் இழுப்பில் ஓரம் பிரியும், அடிவரை ஒளியும் எட்டாது. அதனால் வழக்கமான பசையை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் தனியாக இறுக்க வேண்டும். ஈறுப் பக்கம் ஆழமான குழியில் ஒளி முனையே தூரத்தில் நிற்கும். அங்கே எனாமலும் இருக்காது, எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில்தான் ஒட்டியாக வேண்டும், அந்தப் பிடி ஈரத்தில் நாளடைவில் தளரும். இரண்டு பக்க ஃபில்லிங்கில் மறு சொத்தை அதிகம் வருவது சரியாக அந்த அடி ஓரத்தில்தான்.

இவ்வளவையும் கவனித்துச் செய்தால் கடைவாயில் போட்ட நூறு வெள்ளை ஃபில்லிங்குகளில் வருடத்துக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் கெடும். கேப்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஐந்து வருடத்தைத் தாண்டிவிடும், 10 முதல் 15 வருடம் சாதாரணமாக எதிர்பார்க்கலாம். உங்கள் அம்மாவுடையது போல 19-உம் வரும்.

இனி நான் கேட்க வேண்டியவை. தினமும் ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா? வாய் வறண்டு போகிறதா? வேலை நேரத்தில் என்ன குடிக்கிறீர்கள்?

நடுநிசி_மேசை:

எல்லாருக்கும் நன்றி. கடைசிக் கேள்வியைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏழெட்டு வருடமாக அலர்ஜிக்கு தினமும் ஒரு மாத்திரை எடுக்கிறேன். வாய் வறளும். இரவு வேலை என்பதால் மேசையில் எப்போதும் ஒரு இனிப்பான பானம் இருக்கும். ஒரு பாட்டிலை நாலைந்து மணி நேரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். மொத்தமாகக் குடிப்பதைவிட அதுதான் நல்லது என்று நினைத்தேன். பல் இரண்டு வேளை துலக்குகிறேன். இடுக்கைச் சுத்தம் செய்வது வலிக்கும்போது மட்டும்.

பழைய_கிளினிக்:

நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறு. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு மடக்குக்கும் பல் மேல் படிந்த கிருமிகள் அமிலம் உண்டாக்கும். பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டினும் வேரும் அதற்கும் முன்னாலேயே கரையும், உங்கள் ஃபில்லிங்கின் அடி ஓரம் இருப்பது அங்கேதான். எச்சில் அதைச் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். உங்களுக்கு எச்சிலும் குறைவு, நாலைந்து மணி நேரமும் இடைவெளியே இல்லை. அலர்ஜி மாத்திரைகளில் பல, எச்சிலைக் குறைக்கும். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் அப்படியே.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் வாய் வறள்கிறது என்று சொல்லுங்கள், மாற்ற முடியுமா என்று பார்ப்பார். மேசையில் தண்ணீர் இருக்கட்டும். இனிப்புப் பானம் வேண்டுமென்றால் சாப்பாட்டோடு ஒரேயடியாகக் குடித்துவிடுங்கள். துலக்கிய பிறகு நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளூரைடு கொஞ்ச நேரம் அங்கே தங்க வேண்டும். வழக்கமான பேஸ்ட்டில் ஃப்ளூரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) இருக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு 5000 பிபிஎம் பேஸ்ட் எழுதிக் கொடுப்பதுண்டு, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பல் இடுக்குகளுக்குத் தினமும் சின்ன பிரஷ் அல்லது ஃப்ளாஸ். கேப் போட்ட பிறகு இது இன்னும் கட்டாயம்.

இதைச் செய்யாமல் கேப் போட்டால், எந்தப் பொருளில் போட்டாலும் அதன் ஓரத்தில் இதே கதைதான் நடக்கும்.

மெழுகுக்கத்தி:

டாக்டர் சொன்ன பழுப்புக் கோடு விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு வந்து சேருவது கெட்டுப்போனவை மட்டும்தான், அதனால் எல்லாக் கோடும் எனக்குச் சொத்தையாகத் தெரிகிறது.

நடுநிசி, கேப் ஒட்டும் நாளில் ஒன்று கவனியுங்கள். கடிக்கச் சொல்லி நீலத் தாள் வைத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் உயரமாக இருக்கிற மாதிரி தோன்றினாலும் சொல்லிவிடுங்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். ஒரு பல் மட்டும் முதலில் இடித்தால் மொத்த அழுத்தமும் அதன் மேல்தான். எப்போதாவது கழன்றால் கேப்பைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு சில நாட்களுக்குள் போய்விடுங்கள். கடையில் கிடைக்கும் பசையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். அப்படி ஒட்டிக் கெட்டுப்போன நல்ல கேப்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

நடுநிசி_மேசை:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வேறு ஒரு டாக்டரிடம் போனேன். வேர் சிகிச்சை ரப்பர் டேம் போட்டு இரண்டு தடவையில் முடிந்தது. மூச்சு முட்டுமோ என்று பயந்தேன், ஒன்றுமில்லை. பழைய ஃபில்லிங்கை எடுத்ததும் படம் எடுத்துக் காட்டினார். ஈறுப் பக்க அடி ஓரம் கறுத்து மெத்தென்று இருந்தது, பழைய_கிளினிக் சொன்ன அதே இடம். மற்ற மூன்று பக்கமும் சுவர் உறுதியாக இருந்தது. அந்த ஒரு பக்கம் மட்டும் ஈறுக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அளந்து சொன்னார். பல் இன்னும் வெளியே தெரிய ஈறைக் கொஞ்சம் விலக்கினார்கள், அது ஆற மூன்று வாரம் காத்திருந்தேன். முன்பு கேப் உடனே போடலாம் என்று சொன்ன இடத்தில் யாரும் இதை அளக்கவில்லை.

அலர்ஜி மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், வறட்சி குறைந்திருக்கிறது. மேசையில் இப்போது தண்ணீர். கோரைப்பற்களையும் பார்க்கச் சொன்னேன். தேய்மானம் லேசாக இருக்கிறதாம், கேப் போட்ட பிறகு கார்டு செய்துவிடலாம் என்றார்.

அண்ணனின் கேப்பை அலமாரியிலிருந்து தேடி எடுத்து உள்ளே பார்த்தோம். வெறும் சிமென்ட்தான். பல் மிகவும் குட்டையாகச் செதுக்கப்பட்டிருந்தது என்று இந்த டாக்டரும் சொன்னார்.

போன வாரம் அளவெடுத்தார். இரண்டு நாள் கழித்து லேபிலிருந்து மறுபடி அளவு கேட்கிறார்கள், ஒரு இடத்தில் கோடு சரியாக வரவில்லை, வர முடியுமா என்று தொலைபேசி வந்தது. வேலையில் விடுப்பு சொல்லிவிட்டு அன்றைக்கே போனேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒட்டுகிறார்கள்.